விக்கிப்பீடியாவில் புது மொழி: கையெழுத்து வேட்டையால் கதவு திறக்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

"லட்சக்கணக்கானோர் பேசும் எங்கள் மொழிக்கு விக்கிப்பீடியா இல்லை, யாருக்கும் தாய்மொழியாக இல்லாத லத்தீனுக்கு இருக்கிறது. இது என்ன நியாயம்?" என்ற மனக்குறை சிறிய மொழிகளைப் பேசுவோரிடம் அடிக்கடி எழுகிறது. அதன் அடுத்த கட்டமாக ஒரு மனுவும் ஆயிரம் கையெழுத்தும் தயாராகிவிடும். அந்தக் கையெழுத்துகளை விக்கிப்பீடியாவில் யாரும் எண்ணுவதில்லை. அவர்கள் எண்ணுவது வேறு ஒன்றை. அது வெளியில் அதிகம் தெரியாததால்தான் இந்தக் கடிதம்.

லத்தீன் பற்றிய கேள்விக்கு முதலில் பதில். ஆங்கில விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தொடங்கியது. ஜெர்மனும் கட்டலானும் அதே ஆண்டு மார்ச்சில் வந்தன. லத்தீன் 2002-இல், தமிழ் 2003-இல். அந்தக் காலத்தில் ஆர்வமுள்ள ஓரிருவர் கேட்டாலே தளம் திறந்துவிடும். பிறகு ஆதரவு, எதிர்ப்பு என்று வாக்கு எண்ணும் வழக்கம் வந்தது. அதன் விளைவுக்கு சைபீரிய மொழி விக்கிப்பீடியா ஓர் உதாரணம். ரஷ்ய வட்டார வழக்குகளைக் கலந்து ஒருவர் உருவாக்கிய எழுத்து வடிவத்துக்கு 2006-இல் தனிப் பதிப்பு கிடைத்தது. 2007-இல் அதை மூட வேண்டி வந்தது. இதற்கிடையே, வாக்கு எண்ணிக்கை ஒரு மொழியின் இருப்பைக் காட்டாது என்பது புரிந்து, 2006-இலேயே தன்னார்வலர்களைக் கொண்ட மொழிக்குழு அமைந்தது. இன்று முடிவெடுப்பது அந்தக் குழுதான். விக்கித் திட்டங்களின் பொது விவாதத் தளமான மேட்டா-விக்கியில் ஒரு விண்ணப்பத்தின் கீழ் நூறு பேர் 'ஆதரவு' என்று எழுதினாலும் குழு அதை வாக்காகக் கருதாது. சொல்லப்பட்ட காரணத்தை மட்டுமே பார்க்கும்.

விண்ணப்பம் எழுதுமுன் பார்க்க வேண்டியது ஐ.எஸ்.ஓ. 639 குறியீடு, அதாவது மொழிகளுக்கான சர்வதேசத் தரக் குறியீடு. தமிழுக்கு இரண்டெழுத்துக் குறியீடு உண்டு. துளு போன்ற மொழிகளுக்கு மூன்றெழுத்து. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகள் இந்தப் பட்டியலில் இருப்பதால் பெரும்பாலும் சிக்கல் வராது. வந்தால் நீளும். மூன்றெழுத்துக் குறியீடுகளை எஸ்.ஐ.எல். இன்டர்நேஷனல் என்ற அமைப்பு பராமரிக்கிறது. புதுக் குறியீட்டுக்கோ, தவறாகப் பதிவான பெயரைத் திருத்தவோ படிவம் அனுப்பலாம், கட்டணம் இல்லை. ஆனால் மாற்றங்கள் ஆண்டுச் சுற்றாகவே பரிசீலிக்கப்படுகின்றன, ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று மாதம் பொதுப் பார்வைக்கு வைக்கப்படுகிறது. இலக்கணம், அகராதி, பக்கத்து மொழிக்காரருக்கு எந்த அளவு புரிகிறது என்ற ஆய்வு ஆகியவை சான்றாகும். எங்கள் பேச்சு தனி அழகு கொண்டது என்பது சான்றாகாது. விக்கிச் சமூகத்திடம் குறியீட்டுக்காக மன்றாடிப் பயனில்லை. அது அவர்கள் கையில் இல்லை.

குறியீடு இருந்தாலும், ஏற்கெனவே பதிப்பு உள்ள வேறொரு மொழியின் வட்டார வழக்காகவோ வெறும் எழுத்து வேறுபாடாகவோ இருந்தால் தனிப் பதிப்பு கிடைக்காது. ருமேனிய மொழியையே சிரிலிக் எழுத்தில் எழுதிய மால்டோவியப் பதிப்பு 2006-இல் பூட்டப்பட்டது. மால்டோவியத்துக்கான குறியீடுகளும் 2008-இல் கைவிடப்பட்டன. சீனத்திலும் செர்பியத்திலும் எழுத்து வேறுபாட்டைத் தானாக மாற்றிக் காட்டும் வசதி இருப்பதால் ஒரே தளம் போதுமானதாக இருக்கிறது. பஞ்சாபிக்குக் குர்முகியில் ஒன்றும் ஷாமுகியில் ஒன்றுமாக இரண்டு இருக்கின்றனவே என்றால், அவற்றுக்குத் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. பெலாரசியத்தில் இரண்டு எழுத்துக்கூட்டல் முறைகளுக்கு இரண்டு தளங்கள் இருப்பது பழைய சண்டையொன்றின் மிச்சம். அதை முன்னுதாரணமாகக் காட்டி யாரும் வென்றதாகத் தெரியவில்லை. எழுத்துதான் உங்கள் தகராறு என்றால் தனித் தளம் கேட்பதை விட்டு எழுத்துமாற்றி கேளுங்கள்.

இவை சரியாக இருந்து, மொழியைப் பேசுவோர் போதுமான அளவில் இருந்தால், விண்ணப்பத்துக்குத் 'தகுதியுடையது' என்ற நிலை கிடைக்கும். பழம் நூல்களைச் சேர்க்கும் விக்கிமூலத்துக்கு இந்தப் பேசுவோர் நிபந்தனை பொருந்தாது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தகுதி என்றால் அனுமதி என்று எண்ணி இனிப்பு வழங்கிவிடுவார்கள். உண்மையில் வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

அந்த வேலை நடக்கும் இடம் அடைகாப்பகம், அதாவது இன்குபேட்டர். எல்லாப் புது மொழிகளின் சோதனைத் திட்டங்களும் அந்த ஒரே தளத்தில் அருகருகே இருப்பதால், ஒவ்வொரு பக்கத்தின் பெயருக்கு முன்னும் திட்டக் குறியும் மொழிக் குறியும் சாய்கோட்டுடன் வர வேண்டும். விக்கிப்பீடியாவுக்கு 'டபிள்யூ.பி.', அகராதித் திட்டமான விக்சனரிக்கு 'டபிள்யூ.டி.' என்று குறி மாறும். பல பக்கங்களில் மீண்டும் பயன்படும் வார்ப்புருக்களுக்கும், பக்கங்களை வகைப்படுத்தும் பகுப்புகளுக்கும் இதே விதிதான். புதியவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். முன்னொட்டு இல்லாத பக்கம் எந்த மொழிக்கும் சேராமல் அனாதையாகக் கிடந்து கடைசியில் நீக்கப்படும். உழைத்தவர் 'அழித்துவிட்டார்கள்' என்று கோபித்துக்கொண்டு போய்விடுவார். பயனர் விருப்பத்தேர்வுகளில் தன் சோதனை விக்கியைக் குறித்துவைத்தாலே இந்தத் தவறு பெருமளவு குறையும். ஆங்கில விக்கிப்பீடியாவின் தகவல்பெட்டி வார்ப்புருக்களை அப்படியே கொண்டுவந்து ஒட்டுவது இன்னொரு வழக்கமான தவறு. ஒரு பெட்டிக்குப் பின்னால் பத்துத் துணை வார்ப்புருக்கள் இருக்கும். ஒன்று விடுபட்டாலும் பக்கம் முழுதும் சிவப்பு எழுத்தாகும். தொடக்கத்தில் சாதாரண அட்டவணையே போதும்.

குழு எண்ணுவது என்ன என்று இப்போது சொல்கிறோம். ஒரு மாதத்தில் பத்துத் தொகுப்புகளுக்கு, அதாவது பக்கங்களில் செய்யும் திருத்தங்களுக்கு, குறைவாகச் செய்தவரின் பெயரைக் கணக்கெடுக்கும் கருவி சாம்பல் நிறத்தில் காட்டும். சாம்பலாகாத பெயர்கள் குறைந்தது மூன்று வேண்டும். ஒரு மாதம் மட்டுமல்ல, தொடர்ந்து பல மாதங்களுக்கு. ஒருவரே ஐந்நூறு தொகுப்புகள் செய்தாலும் அவர் ஒருவர்தான். பயிலரங்கு நடத்தி நாற்பது பேரை ஒரே நாளில் எழுதவைத்தால் அந்த மாதம் பட்டியல் பளபளக்கும். அடுத்த மாதம் முழுதும் சாம்பல். பயிலரங்குகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாற்பது பேரைக் கூட்டும் நேரத்தில், வாரம் மூன்று தொகுப்பு செய்யக்கூடிய ஐந்து பேரைத் தேடுவது மேல். மூன்றுதானே தேவை, ஐந்து எதற்கு என்றால், ஒருவருக்குத் தேர்வு வரும், இன்னொருவருக்குத் திருமணம் வரும்.

கட்டுரை எண்ணிக்கைக்கு இதில் பெரிய மதிப்பு கிடையாது. பிலிப்பைன்ஸில் பேசப்படும் செபுவானோ மொழியின் விக்கிப்பீடியாவில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன; பெரும்பான்மை ஒரு தானியங்கி நிரல் எழுதியவை. அந்த எண்ணிக்கையைப் பார்த்து அந்தச் சமூகத்தை எடைபோட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கட்டுரைகளுடன் கூடவே இடைமுகத்தையும், அதாவது தளத்தின் பொத்தான்களிலும் அறிவிப்புகளிலும் வரும் சொற்களையும், மொழிபெயர்க்க வேண்டும். ஒரு மொழியின் முதல் திட்டத்துக்கு இது கட்டாயம். டிரான்ஸ்லேட்விக்கி என்ற தளத்தில், அதிகம் பயன்படும் சில நூறு இடைமுகச் செய்திகள் தனித் தொகுதியாக இருக்கின்றன: 'சேமி', 'வரலாறு', 'புகுபதிகை' போன்றவை. பலரும் இதைக் கடைசிக்குத் தள்ளிவைத்துப் பிறகு அவசரமாக முடிக்கிறார்கள். ஒருவர் 'தொகு' என்று எழுத, இன்னொருவர் 'திருத்து' என்று எழுதுவதுபோல, ஒரே பொத்தானுக்கு மூன்று பெயர்கள் வந்துவிடும். முதலில் ஐம்பது சொல்லுக்கு ஒரு பொதுப் பட்டியல் போட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது. செய்திகளில் டாலர் குறியும் எண்ணும் சேர்ந்து வரும் இடங்களில் பயனர் பெயரோ எண்ணிக்கையோ வந்து அமரும். அவற்றை இடம் மாற்றலாம், நீக்கக் கூடாது. நீக்கினால் திரையில் அரைகுறை வாக்கியம்தான் மிஞ்சும். ஒருமை பன்மை விதி அந்த மொழிக்கு இன்னும் வரையறுக்கப்படவில்லை என்றால் அதையும் முதலிலேயே கேட்டுவாங்க வேண்டும்.

இவ்வளவும் ஆனபின், எழுதப்பட்டிருப்பது உண்மையிலேயே அந்த மொழிதானா என்பதை வெளியாள் ஒருவரிடம் காட்டி உறுதிசெய்யக் குழு முயலும். குழுவில் எல்லா மொழியும் அறிந்தவர்கள் இல்லை, இருக்கவும் முடியாது. சரிபார்ப்பவர் அந்தச் சோதனைத் திட்டத்தில் எழுதியவராக இருக்கக் கூடாது. பிறகு, மறுப்பு எழாவிட்டால் ஒப்புதல். தொழில்நுட்பப் பணிகளைப் பதிவுசெய்யும் பேப்ரிகேட்டர் தளத்தில் பணி பதிவாகும், தளம் உருவாகும், அடைகாப்பகப் பக்கங்கள் முன்னொட்டு நீங்கிப் புது வீட்டுக்குப் பெயரும், பிற மொழிப் பக்கங்களுடன் இணைக்கும் விக்கித்தரவு இணைப்புகள் சேரும். தளத்தின் பெயரையும் 'பயனர்', 'பேச்சு', 'வார்ப்புரு' போன்ற பெயர்வெளிகளையும் (பக்க வகைகளின் பெயர்களையும்) இதற்கு முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும். பின்னால் மாற்ற முடியாது என்றில்லை. ஆனால் பழைய பெயர்களை மாற்றுப்பெயராகக் காலமெல்லாம் சுமக்க வேண்டும்.

துளு விக்கிப்பீடியா 2008-இல் அடைகாப்பகத்துக்குப் போய் 2016-இல்தான் வெளியே வந்தது. ஓல் சிக்கி எழுத்தில் சந்தாலிப் பதிப்பு 2018-இல் வந்தது. எட்டு ஆண்டு என்பது அதிகம்தான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தாமதத்தைப் பார்த்து 'விதிகளைத் தளர்த்துங்கள்' என்போருடன் நாங்கள் உடன்படவில்லை.

காரணம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழி அறியாத அமெரிக்கப் பதின்வயதினர் ஒருவர் அந்த மொழியின் விக்கிப்பீடியாவில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக எழுதிக் குவித்தது 2020-இல் வெளிவந்தது. ஆங்கில வாக்கியத்தில் சொற்களை மட்டும் மாற்றிவைத்திருந்தார். கிரீன்லாந்திய மொழிப் பதிப்பு இயந்திர மொழிபெயர்ப்பால் நிரம்பிப்போனதால் 2025-இல் அதை மூடுவதென முடிவானது. இரண்டுமே மொழிக்குழு வருவதற்கு முன் எளிதாகத் திறக்கப்பட்டவை. ஒருவரும் வாசலில் நின்று 'இது உங்கள் மொழிதானா' என்று கேட்கவில்லை. இந்தப் பக்கங்களைத்தான் மொழிபெயர்ப்பு இயந்திரங்களும் படித்துக் கற்கின்றன. தவறான மொழி திரும்பத் திரும்பப் பெருகுகிறது.

எங்கள் குறை வேறு இடத்தில். வெளியாள் சரிபார்ப்பு கடைசியில், ஒரே ஒரு முறை நடக்கிறது. ஆண்டுக்கணக்கில் உழைத்தபின் 'மொழி சரியில்லை' என்று கேட்பது கொடுமை. தளம் திறந்தபின் யாரும் பார்க்காமல் இருப்பது அதைவிட ஆபத்து. தகுதி நிலை கிடைத்ததும் ஒரு முறை, திறந்தபின் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை என்று இது நடக்க வேண்டும். எழுதுவோர் குறைந்துபோனார்கள் என்பது மட்டுமே பதிப்பை மூடக் காரணமாகாது என்று விதி சொல்கிறது, அது சரியே. ஆனால் வெறிச்சோடிய தளத்தில் ஒரே ஒருவர் புகுந்து இயந்திர மொழியைக் கொட்டினால் தடுக்க ஆள் இருக்காது.

மறுசரிபார்ப்புக்குப் பணம் தேவையில்லை, ஆள்தான் தேவை. பல்கலைக்கழக மொழியியல் துறையினரும், சிறிய மொழிகளில் அகராதி தொகுத்தவர்களும் இருபது பக்கங்களை எடுத்துப் படித்து, எது சரி, எது சொல்லுக்குச் சொல் பெயர்த்தது என்று குறித்துக் கொடுத்தாலே குழுவுக்கு ஒரு பிடி கிடைக்கும். உங்கள் வாசகர்களில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேட்டா-விக்கியில் உரிய விண்ணப்பப் பக்கத்தின் அடியில், தம் தகுதியைக் குறிப்பிட்டு நேரடியாக எழுதலாம். அழைப்புக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
விக்கித் திட்டங்களின் தமிழ்ப் பங்களிப்பாளர்கள் சிலர்