வாடைக்காற்றை வேண்டி நிற்பவர்கள்

ஹூஸ்டன்,
ஏப்ரல் கடைசி வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் மூவரும் நலம். உங்கள் நலனையும் அம்மாவின் நலனையும் அறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா என்பதை மறவாமல் எழுதுங்கள்.

விடுமுறை கிடைத்தால் அங்கே எங்குதான் போவீர்கள் என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். இம்முறை, இதுவரை பார்த்திராத பறவைகளைத் தேடி, டெக்சஸ் மாநிலத்தின் வளைகுடாக் கரையோரமாகத் தெற்கே மெக்சிகோ எல்லை வரை காரிலேயே சென்று வந்தோம். பெரும்பாலும் நான்தான் வண்டி ஓட்டினேன். உங்கள் மாப்பிள்ளை வழி பார்த்தார். பேரன் பின்னிருக்கையில் பறவைக் கையேட்டையும் முறுக்கு டப்பாவையும் பொறுப்பேற்றுக்கொண்டான், முறுக்கைச் சற்றுக் கூடுதல் அக்கறையுடன்.

முதலில் ஹை ஐலண்ட் என்னும் சிற்றூருக்குச் சென்றோம். பூமிக்கடியிலுள்ள உப்புப் பாறை மேல்நோக்கித் தள்ளியதால் சதுப்பு நிலத்தின் நடுவே 10 மீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்த மேடு அது. உப்புநீர் ஏறாத அந்த உயரத்தில்தான் ஓக் மரங்களும் மல்பெரி மரங்களும் தோப்பாக வளர்ந்திருக்கின்றன. வசந்த காலத்தில் மெக்சிகோவின் யுகட்டான் கரையிலிருந்து அந்தி சாய்ந்தபின் கிளம்பும் சிறு பறவைகள், இடையில் கால் ஊன்ற ஒரு கிளைகூட இல்லாத கடலை ஏறத்தாழ 900 கிலோமீட்டர் இரவு முழுவதும் பறந்து கடந்து, மறுநாள் நண்பகலையொட்டியோ அதற்குப் பின்போ இந்தக் கரையை அடைகின்றன. தென்காற்று துணையிருந்தால் அவற்றுள் பெரும்பாலானவை இங்கே இறங்குவதில்லை, தோப்புக்கு மேலாகவே பறந்து உள்நாட்டுக் காடுகளுக்குப் போய்விடும். வடக்கிலிருந்து குளிர்காற்றும் மழையும் எதிர்த்து வந்தால்தான் வலுவிழந்து, கண்ணில் படும் முதல் மரங்களில் கூட்டம் கூட்டமாக விழுகின்றன. ஆகவே, இங்குள்ள பறவை ஆர்வலர்கள் வானிலை அறிக்கையைப் பார்த்துப் பார்த்து வாடைக்காற்றை வேண்டி நிற்கிறார்கள். மூன்று கிராம் எடையுள்ள ரீங்காரச் சிட்டுகூட இந்தக் கடலைக் கடக்கிறது என்று அறிந்த பிறகு, அந்த வேண்டுதல் எனக்குச் சற்று உறுத்தலாகவே இருந்தது. ஆயினும் காற்று திரும்பிய அந்தப் பிற்பகலில் எல்லோருடனும் நானும் தோப்புக்குள் போய் நின்றேன்.

கரிய இறக்கையும் குருதிச் சிவப்பு உடலும் கொண்ட ஸ்கார்லெட் டானஜர், ஆள் நிற்பதைப் பொருட்படுத்தாமல் கைக்கெட்டும் உயரத்தில் அமர்ந்து மல்பெரிப் பழத்தைத் தின்றுகொண்டிருந்தது. அடர்நீல இண்டிகோ பண்டிங்குகள் பாதையோரப் புல்லில் விதை பொறுக்கின. எங்கள் குடியிருப்பில் அடுத்த வீட்டுக்காரரின் பெயர்கூட எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் அந்தத் தோப்பில், நாங்கள் புதியவர்கள் என்று தெரிந்ததும், முன்பின் அறியாத முதியவர் ஒருவர் தம் இடத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்து, பறவை எந்தக் கிளையில் எந்தப் பக்கம் இருக்கிறதென்று பேரனின் காதோடு சொன்னார்.

அங்கேயே ஒரு குளத்தின் நடுவிலுள்ள திட்டில் கரண்டிவாயன்கள் கூடு கட்டியிருந்தன. நம் மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் நாம் பார்த்திருக்கும் வெள்ளைக் கரண்டிவாயனுக்கு இது உறவுதான். ஆனால் உண்ணும் இறால் வகைகளிலுள்ள நிறமியால் உடலெல்லாம் இளஞ்சிவப்பு. முட்டை திருட நீந்தி வரும் ரக்கூன் என்னும் சிறு விலங்குகளைக் குளத்திலுள்ள முதலைகள் தடுத்துவிடுகின்றன என்று அந்த முதியவர் விளக்கினார். எங்கள் கூந்தன்குளத்தில் அந்தக் காவலை ஊராரே செய்கிறார்கள், வீட்டோரத்து மரங்களில் நாரைகள் கூடு கட்டுவதால் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை என்று நான் கூறியபோது, அவர் அதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். ஹை ஐலண்ட் தோப்புகளை ஹூஸ்டன் ஆடுபான் சங்கம் பாதுகாத்து வருகிறது. வேலி போட்டுக் காப்பதையும் நான் குறைத்து மதிக்கவில்லை. வீடுகளும் எண்ணெய்க் கிணறுகளும் சூழ்ந்த இந்தக் கரையில் அதுவும் இல்லையென்றால் அந்த மரங்கள் நின்றிருக்குமா என்பது ஐயமே.

பொலிவாரிலிருந்து கட்டணமில்லாப் படகில் காரையும் ஏற்றிக் கால்வெஸ்டனுக்குக் கடந்து, அங்கிருந்து தென்மேற்கே அரான்சாஸ் சரணாலயத்தை அடைந்தோம். வட அமெரிக்காவிலேயே மிக உயரமான பறவையான ஹூப்பிங் கிரேன் என்னும் பெருங்கொக்கு குளிர்காலத்தைக் கழிக்கும் இடம் அது. 1941இல் உலகில் எஞ்சியிருந்தவை 20க்குச் சற்று மேல் என்ற நிலையிலிருந்து, இன்று இந்தக் கரைக்கு வருபவை மட்டும் 500க்கும் மேலாகியிருக்கின்றன. ஏப்ரலில் பெரும்பாலானவை 4,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கனடாவின் வுட் பஃபலோ பூங்காவுக்குக் கிளம்பிவிடும். எங்களுக்காகத் தங்கியது போல ஒரு குடும்பம், செம்பழுப்புத் திட்டுகள் முற்றிலும் மறையாத இளம் பறவையுடன், சதுப்பில் நண்டு தேடிக்கொண்டிருந்தது. காட்சிக் கோபுரத்திலிருந்து மிகத் தொலைவில்தான் தெரிந்தது. ஆனாலும் இந்தப் பயணத்தில் நான் கண்டவற்றுள் முதலிடம் அதற்கே.

அங்கிருந்து தெற்கே, மெக்சிகோ எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆற்றின் கடைமடைக்குச் சென்றோம். அங்குள்ள ஆற்றங்கரைக் காடுகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் வயல்களாகவும் ஊர்களாகவும் மாறிவிட்டன. மிஞ்சிய துண்டுகளுள் ஒன்று, 1943இல் நிறுவப்பட்ட சாண்டா அனா சரணாலயம். நீலத் தலையும் பச்சை முதுகுமாகக் கத்திக்கொண்டு திரியும் கிரீன் ஜே அங்கே நம்மூர் மைனாவைப் போல எங்கும் கிடக்கிறது. அல்டமிரா ஓரியோல், தூக்கணாங்குருவியைப் போலவே, இரண்டடி நீளக் கூட்டைக் கிளை நுனியில் தொங்கவிட்டிருந்தது. நாட்டின் எல்லைக் கோட்டுக்கு வடக்கே இவை வெகுதூரம் வருவதில்லை என்பதால்தான், நாடெங்குமிருந்து மக்கள் இந்த முனைக்கு வருகிறார்கள்.

திரும்பும் வழியில் சரிதா என்னும் இடத்தில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி உண்டு. எங்களைப் போன்ற வெளிநாட்டினர் குடிவரவுப் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும், வைத்திருந்தோம். எங்கே போய் வருகிறீர்கள் என்று அதிகாரி கேட்க, பேரன் தன் பட்டியலை முதலிலிருந்து படிக்கத் தொடங்கிவிட்டான். அவர் மூன்றாவது பெயரிலேயே கையசைத்து அனுப்பிவிட்டார்.

உங்களுக்கென, எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 இருகண் தொலைநோக்கி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஜூன் மாதம் ஊருக்கு வரும்போது கொண்டு வருகிறேன். கண் வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிட்டால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலேயே பார்க்கலாம். கூந்தன்குளத்தில் அதுவரை நீர் நிற்குமா என்று விசாரித்து எழுதுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பைக் கூறுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்