மூலம் எங்கே என்று கேட்டவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். கணக்கெழுதும் வேலையை விட்டுவிட்டு, எந்தப் பத்திரிகையின் சம்பளப் பட்டியலிலும் இல்லாமல், கட்டுரைக்கு இவ்வளவு சன்மானம் என்ற அளவில் எழுதிப் பிழைக்கத் தொடங்கி இந்த மாதத்தோடு எனக்கு 15 ஆண்டுகள் நிறைவடைகின்றன. இக்காலத்தில் நான் எழுதியவற்றுள் பெரும்பகுதி விந்தைச் செய்திகள்தாம். பக்கத்தின் மூலையில் கட்டம் கட்டி வரும் நான்கு வரித் துணுக்கும் அவற்றுள் உண்டு, நான்கு பக்கக் கட்டுரையும் உண்டு. எல்லாவற்றின் கீழும் என் பெயர் மட்டுமே அச்சானது. அவை பிழையின்றி வெளிவரக் காரணமாக இருந்தவர்களின் பெயர்கள் எங்கும் அச்சாகவில்லை. இப்போதும் பெயர் வேண்டாம் என்று அவர்களுள் பலர் கேட்டுக்கொண்டதால், அவரவர் செய்ததை மட்டும் சொல்லி என் நன்றியைப் பதிவு செய்கிறேன்.

நான் வணிகவியல் படித்தவன். அறிவியலிலோ வரலாற்றிலோ எனக்குப் பட்டம் கிடையாது. முதல் வேலையில் என் மேசைக்கு எதிரே அமர்ந்திருந்த மூத்த கணக்கரே எனக்கு இந்தப் பாதையைக் காட்டியவர். பிரிட்டனில் வரி ஆண்டு ஏன் ஏப்ரல் 6 என்ற பொருந்தாத நாளில் தொடங்குகிறது என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். அது அப்படித்தான் என்று சொல்லி அவர் என்னை அனுப்பியிருக்கலாம். மாறாக ஒரு தாளை எடுத்து, 1752 செப்டம்பர் 2ஆம் நாளுக்கு அடுத்த நாளைச் செப்டம்பர் 14 என்று எழுதிக் காட்டினார். பழைய ஜூலியன் நாட்காட்டியிலிருந்து கிரிகோரியன் நாட்காட்டிக்கு அந்நாடு மாறியபோது 11 நாட்கள் அப்படியே நீக்கப்பட்டன. அதுவரை ஆண்டின் தொடக்கமாக இருந்த மார்ச் 25, வரிக்கணக்கில் நாள் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக 11 நாட்கள் தள்ளிப்போனது என்றும், எஞ்சிய ஒரு நாள் எப்படிச் சேர்ந்தது என்பதில் இன்னமும் கருத்து வேறுபாடு உண்டு என்றும் அவர் விளக்கினார். கணக்குப் புத்தகத்தின் ஒரு தேதிக்குள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு அடங்கியிருக்கிறது என்பதை அறிந்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த ஒரு தாளுக்காக அவருக்கு என் வணக்கம்.

வேலை முடிந்து வரும் என்னை, மூடும் நேரம் தாண்டியும் குறிப்புதவி நூல்களின் அலமாரி அருகே உட்கார அனுமதித்த நூலகருக்கு நன்றி. வேலையை விட்ட பின் சன்மானம் கைக்கு வர மூன்று மாதமும் சில சமயம் ஆறு மாதமும் ஆன அந்த முதல் இரண்டு ஆண்டுகளில், என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் வீட்டுச் செலவைச் சுமந்த என் அக்காவுக்கு நன்றி என்று எழுதுவது போதாது, ஆனாலும் எழுதுகிறேன்.

என்னை உருவாக்கியவர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால், எனக்கு முதலில் தொடர்ந்து வாய்ப்பளித்த பொறுப்பாசிரியர் அம்மையாரைத்தான் சொல்வேன். பாலக்கீரையின் இரும்புச் சத்தைப் பற்றி அவருக்கு ஒரு துணுக்கு அனுப்பியிருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலாளர் ஒருவர் தசமப் புள்ளியை இடம் மாற்றி எழுதிவிட்டார், அதனால் கீரையின் இரும்பு பத்து மடங்காகத் தெரிந்தது, உலகம் பல பத்தாண்டுகள் ஏமாந்தது என்பது அதன் சாரம். பல இடங்களில் படித்த கதை என்பதால் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. துணுக்கு சிவப்பு மையில் இரண்டே சொற்களோடு திரும்பி வந்தது: “மூலம் எங்கே?”

மூலத்தைத் தேடிப் புறப்பட்டேன். எல்லாரும் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டினார்களே தவிர, அந்தப் பழைய பக்கத்தைத் தாமே பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. இக்கதை பரவியதற்குப் பெரிய காரணம், 1981இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் டெரன்ஸ் ஹாம்ப்ளின் என்ற மருத்துவர் எழுதிய ஒரு கட்டுரை. பின்னர் மைக் சட்டன் என்ற குற்றவியல் ஆய்வாளர் இதைத் துருவிப் பார்த்து, தசமப் புள்ளி இடம் மாறியதற்கு ஒரு சான்றும் இல்லை என்று 2010இல் எழுதினார். ஆக, பொய்ச் செய்தி எப்படிப் பரவுகிறது என்பதற்கு எடுத்துக்காட்டாக நான் எழுதியதே சான்றில்லாத செய்தியாக இருந்தது. நூறு கிராம் பச்சைக் கீரையில் ஏறத்தாழ 2.7 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. தாவர உணவிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை என்பதால் அதிலும் சிறு பங்கே நமக்குச் சேர்கிறது. இதையும் சேர்த்து மீண்டும் எழுதினேன். துணுக்கு இரண்டு பக்கக் கட்டுரையாக வளர்ந்தது. “தம்பி, இப்போதுதான் இது விந்தைச் செய்தி” என்றார் அம்மையார். அதன்பின் ஒரு செய்தி எவ்வளவுக்கெவ்வளவு சுவையாக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு அதை ஐயத்தோடு அணுகுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அதே அலுவலகத்தில் மெய்ப்பு பார்த்த பெரியவரின் நினைவாற்றலுக்கும் கடன்பட்டிருக்கிறேன். 1896 ஆகஸ்ட் 27 அன்று பிரிட்டனுக்கும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாருக்கும் நடந்த மிகக் குறுகிய போரை ஒரு கட்டுரையில் 38 நிமிடம் என்றும், இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொன்றில் 45 நிமிடம் என்றும் எழுதியிருந்தேன். அவர் தொலைபேசியில் அழைத்து எது சரி என்று கேட்ட பிறகே, எந்தக் கணத்தைத் தொடக்கமாகவும் எந்தக் கணத்தை முடிவாகவும் கொள்வது என்பதைப் பொறுத்து இரண்டு எண்களும் வழங்குகின்றன என்பதை அறிந்து, அதையும் வாசகருக்குச் சொன்னேன்.

வெள்ளிக் கோளில் ஒரு நாள் ஓர் ஆண்டைவிட நீளமானது என்று நான் எழுதியபோது, முன்பின் அறிமுகமில்லாத இயற்பியல் ஆசிரியர் ஒருவர் மூன்று பக்கக் கடிதம் அனுப்பினார். அக்கோள் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 புவி நாட்களும், சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 225 நாட்களும் ஆகின்றன. ஆகவே நான் எழுதியது ஒரு வகையில் சரி. ஆனால் அது எதிர்த்திசையில் சுழல்வதால், அங்கே ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் இடையே சுமார் 117 நாட்களே கழிகின்றன. நாள் என்று நாம் வாழ்க்கையில் சொல்வது இந்த இரண்டாவதைத்தான் அல்லவா என்று அவர் பணிவோடு கேட்டிருந்தார். படம் வரைந்து விளக்கியிருந்த அந்தக் கடிதத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். திருத்துபவர் இவ்வளவு அன்போடு திருத்த முடியும் என்பதையும் அவரிடமே கற்றேன்.

இறுதியாக, பள்ளி மாணவி ஒருத்தி. ஆஸ்திரேலியாவில் வாழும் வாம்பேட் என்ற பைப்பாலூட்டி விலங்கு கனசதுர வடிவில் சாணமிடுகிறது என்று எழுதி, அந்த வியப்போடு நான் நிறுத்திக்கொண்டிருந்தேன். “குடல் உருண்டைதானே, அப்படியானால் மூலைகள் எங்கிருந்து வந்தன?” என்று அவள் எழுதிக் கேட்டாள். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. விடை தேடியபோது, இதை ஆராய்ந்தவர்களுக்கு 2019இல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு வழங்கப்பட்டதை அறிந்தேன். ஆய்வின் நுட்பம் எனக்குப் பிடிபடாததால் கால்நடை மருத்துவர் ஒருவரை அணுகினேன். தமது ஓய்வு நாளின் பாதியை எனக்காகச் செலவிட்ட அவர், ஒரு துணிக்குழாயில் சில இடங்களில் மட்டும் அட்டையை வைத்துத் தைத்து, அழுத்திக் காட்டினார். வாம்பேட்டின் குடலில் கடைசிப் பகுதியின் சுவர் எங்கும் ஒரே விறைப்பில் இல்லை. விறைப்பான இடங்கள் வேகமாகவும் இளகிய இடங்கள் மெதுவாகவும் சுருங்குவதால், உலர்ந்துகொண்டே வரும் கழிவில் முகங்களும் விளிம்புகளும் உருவாகின்றன. அந்தக் குழாயை இன்றும் என் மேசையில் வைத்திருக்கிறேன்.

அந்த மாணவி இப்போதும் எழுதுகிறாள். ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, மூன்றும் எப்போதும் சேர்ந்தே துடிக்குமா என்று சென்ற வாரம் கேட்டிருந்தாள். இரண்டு இதயங்கள் செவுள்களுக்கும் ஒன்று உடலுக்கும் இரத்தம் அனுப்புகின்றன என்றும், நீந்தும்போது உடலுக்கான இதயம் நின்றுவிடுவதால் அவ்வுயிர் விரைவில் களைத்துவிடுகிறது என்றும், ஊர்ந்து செல்வதையே அது பெரிதும் விரும்புகிறது என்றும், இம்முறை மூலத்தைப் பார்த்த பிறகே அவளுக்குப் பதில் எழுதி அனுப்பினேன்.

நன்றியுடன்,
உங்கள் எழுத்தாளன்