தம்பிக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டோம் என்று போனில் சொன்னதோடு சரி, அப்புறம் நீ கூப்பிடவே இல்லை. வேலை இருக்கும் என்கிறார் அப்பா. இருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இங்கிலாந்தில் நீ சுற்றிக் காட்டிய டார்ட்மூர் மேட்டுநிலத்தைப் பற்றித்தான் பேச்சு. எங்கள் பிள்ளை ஒவ்வொரு கல்லுக்கும் கதை வைத்திருக்கிறான், வரைபடத்தைப் பிரிக்காமலே வழி காட்டிவிட்டான் என்று பெருமை அடித்துக்கொண்டிருக்கிறேன். நம்ம சித்தன்னவாசல் பக்கத்துக் கல்வட்டத்தை ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருப்பாயா நீ? அங்கே ஸ்கோர்ஹில் கல்வட்டத்துக்குள் குதிரையை ஓட்டினாலும் நுழையாது என்பார்கள் என்றாய். சொல்லி வாய் மூடவில்லை, ஒரு மட்டக்குதிரை நட்டநடுவில் நின்று புல்லைக் கடித்தது. அன்றைக்கு நீ சிரித்தது அப்போது மட்டும்தான்.

ஆற்றுக்குள் கிடக்கிற டோல்மன் கல்லை அப்பா மறக்கவில்லை. தண்ணீர் சுழன்று சுழன்றே ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டிருக்கிறதே! அதில் புகுந்து வந்தால் மூட்டுவலி போகும் என்று நீ சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டார் மனுஷர். நல்லவேளை, நீ கையைப் பிடித்து இழுத்தாய். கருங்கல் பலகைப் பாலத்தில் என்னையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டு வந்தாய்.

அதற்கு மேலே, ஷவல் டவுன் சரிவில், ஜோடி ஜோடியாக நட்டு வைத்த கல்வரிசை. வெண்கலக் காலத்தது என்றாய். சில இடத்தில் ஒரு கல் விழுந்து கிடக்கிறது, பக்கத்துக் கல் மட்டும் நிற்கிறது. நான் ஏதோ கேட்க வந்தேன், நீ விடுவிடுவென்று நெடுங்கல்லைப் பார்த்து நடந்துவிட்டாய்.

கெஸ்டர் பாறையில் மூடுபனி இறங்கியதைப் பார்த்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. பத்தடி தள்ளி நின்ற அப்பா தெரியவில்லை. குட்டிச்சாத்தான் வழி மாற்றிவிட்டால் போட்டிருக்கிற கோட்டுச் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட வேண்டும் என்று சிரிப்பு காட்டாதே. அங்கே போனும் எடுக்கவில்லை, நான் பார்த்தேன். தனியாகப் போகாதே. கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று 2025-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்கிறாய். கோர்ட் சொல்லும், காய்ச்சல் வந்தால் கஷாயம் யார் வைத்துத் தருவது? துணையில்லாமல் போகாதே. போனாலும் இருட்டுவதற்குள் வந்துவிடு.

கீழே டீன் ஆற்றங்கரைக் காட்டில், பாசி மூடிய ஓக் மரத்தடியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோமே, அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. பொடி தடவியது ஆறு இருந்தது, நீ ஒன்றோடு எழுந்துவிட்டாய்.

மருமகள் ட்ரெயினிங் முடித்து வந்துவிட்டாளா? எத்தனை நாள் ட்ரெயினிங் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குளியலறையில் ஒரு பிரஷ்தான் இருந்தது. அப்பா கவனிக்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. அவளுக்கென்று கட்டி வந்த கருவடாம் மேல் அலமாரியில், மஞ்சள் மூடி டப்பாவில் இருக்கிறது. ஈரம் படாமல் பார்த்துக்கொள். அவள் வர நாளாகும் என்றால் நீயே பொரித்துச் சாப்பிடு, வீணாக்காதே.

அப்பா பத்து மணிக்கெல்லாம் படுத்துவிடுகிறார். அங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிட்டால் நாம் இரண்டு பேர் மட்டும் பேசலாம். நான் முழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா