43 வாய்

சிவமயம்

காரைக்குடி
தை மாதம்

அன்புள்ள தம்பிக்கு, ஆத்தா எழுதிக்கொள்வது. இங்கே அப்பச்சியும் நானும் நல்லா இருக்கோம். பங்காளி வீட்டுப் பையன் நாளைக்கு ராத்திரி திருச்சியில பிளேன் ஏறுறான். சீப்புச் சீடையும் மணகோலமும் டின்ல போட்டு, மேலேயே இந்தக் கடிதத்தை வச்சிருக்கேன். போன்ல சொல்லலாம்னா நீ "ம்"ங்கிறே, "அப்புறம் கூப்பிடுறேன் ஆத்தா"ங்கிறே, வச்சிடுறே.

போன ஞாயித்துக்கிழமை வீடியோவுல உன் முதுகுக்குப் பின்னால பவளம் வளர்க்கிற தொட்டி தெரிஞ்சுச்சு. நீ ஆபீஸ் கதை சொன்னது ஒண்ணும் என் காதுல ஏறலை. அந்த மஞ்சப்பூவையே, அதான் அந்த சன் கோரல் பவளத்தையே, பார்த்துக்கிட்டு இருந்தேன். சிங்கப்பூர்ல அப்போ மணி ஒன்பதரை. விளக்கு அணைஞ்சு அது விரிஞ்சு நிக்கிற நேரம். ஒரு வாய்கூடத் திறக்கலை. ரெண்டு வாய்க்கு நடுவுல வெள்ளையாத் தெரிஞ்சுச்சே, அது என்னப்பா? கண்ணாடி அழுக்கா? பட்டினி கிடந்தா சதை வத்திக் கல்லு வெளியே தெரியும்னு நீதானே சொன்னே.

தொட்டியில இருக்கிற மத்ததுக்கெல்லாம் உடம்புக்குள்ளேயே பாசி குடியிருக்கு, வெளிச்சத்தை வச்சு அதுவே சோறாக்கிக் கொடுத்துடும், இந்த சன் கோரலுக்கு மட்டும் அது கிடையாது, எவ்வளவு வெளிச்சம் அடிச்சாலும் வயிறு நிறையாதுன்னு சொல்லிக் கொடுத்தது நீ. ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியா ஊட்டணும்னு செஞ்சு காட்டினது நீ இல்லை. இப்போ அதுக்கு யாரு ஊட்டுறா? நீ வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றதே எட்டு மணிக்கு மேல.

தெரிஞ்சதையே சொல்றேன்னு கோவிச்சுக்காதே. உறைஞ்ச இறாலைத் தொட்டித் தண்ணியிலேயே ஒரு கிண்ணத்துல கரைய விடு. முதல்ல அந்தச் சாறை மட்டும் மேலே லேசாப் பீச்சு. வாசனை தெரிஞ்சாத்தான் அது எந்திரிக்கும். இருபது நிமிஷம் பொறு. அப்புறம் பாதியா வெட்டின பாட்டிலை மேலே கவுத்து வை, இல்லாட்டி அந்தச் சிவப்பு இறால் வந்து ஊட்டினதை வாயிலிருந்தே பிடுங்கித் தின்னுடும். பாட்டில் வாய் வழியா சொட்டுக்குழாயை விட்டு ஒவ்வொண்ணா ஊட்டணும். முதல் நாள் திறக்கலைன்னு விட்டுடாதே. ஏழெட்டு நாள் அதே நேரத்துக்குச் சாறு காட்டு, பழக்கத்துக்கு வந்துடும். கடைக்காரர் பாதி விலைக்குத் தள்ளிவிட்டப்போ அது ஒன்பது வாய்தான் இருந்துச்சு, அதுலயும் நாலு செத்த மாதிரி. மூணு வருஷத்துல 43 ஆச்சு. நான் வந்திருந்தப்போ ரெண்டு தடவை எண்ணினேன். யாரு ஆக்கினது அதை?

ஊட்டினா தண்ணி கெடும்னு பயந்து ஊட்டாம இருக்காதே. மறுநாள் கொஞ்சம் தண்ணியை மாத்திட்டாப் போச்சு. குறையற தண்ணிக்கு மட்டும் நல்ல தண்ணியை ஊத்து, உப்புத் தண்ணி வேண்டாம். ஆவியாப் போறது தண்ணிதான், உப்பு உள்ளேயேதானே நிக்குது. உப்பு அளக்கிற அந்தக் கண்ணாடியில 1.025, சூடு 26, இது ரெண்டும் எனக்கு இன்னும் மறக்கலை. நம்ம வளவுல அண்டா வச்சுப் பிடிக்கிற மழைத் தண்ணி மாதிரி ஒண்ணும் கலக்காத தண்ணி வேணும்னு நீ சொன்னப்போ அப்பச்சிக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதைவிடச் சந்தோஷம் சுண்ணாம்புத் தண்ணி விஷயம். முகப்புச் சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீத்து ஊறப்போட்டா மேலே தெளிஞ்சு நிக்குமே, அதே தெளிவைத்தான் நீ ராத்திரியில சொட்டுச் சொட்டா தொட்டிக்குள்ள விடுறே. அதைக் குடிச்சுத்தான் அதுங்க எலும்பு கட்டுதுன்னு சொன்னே. மூடி வைக்காட்டிக் காத்துப் பட்டு ஏடு கட்டிடும்னு நான் சொன்னதும், "ஆத்தா, இது எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் புரிஞ்சுச்சு"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டே. சிங்கப்பூர்லேருந்து வந்து இங்கே வீட்டுக்கு வீடு அதைச் சொன்னேன். எம் பிள்ளை கடலையே வீட்டுக்குள்ள வச்சுக் காப்பாத்துறான்னு சொன்னேன். அவ்வளவு பொறுமை உனக்கு அந்தத் தொட்டிகிட்ட இருக்கு தம்பி. சொட்டுச் சொட்டாத்தான் விடணும், மொத்தமா ஊத்தினா எல்லாம் செத்துடும்னு தெரிஞ்ச பிள்ளை, மனுஷங்ககிட்ட மட்டும் மொத்தமாக் கொட்டுறே. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்.

பிள்ளையார் நோன்புக்கு அங்கே இழை எடுத்த போட்டோவை யாரோ குரூப்புல போட்டிருந்தாங்க. உன்னைப் பார்த்தேன். பெரிசு பண்ணி, ஓரத்துல நிக்கிறவங்களையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அப்பச்சி போனை வாங்கிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாமத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. கோயில்லேருந்து புள்ளி வரிக்கு வந்தாங்க. உன் பேருக்குப் புருஷன் பொண்டாட்டி சேர்ந்த முழுப் புள்ளியாத்தான் கட்டியிருக்கேன்.

மத்தபடி ஊர்ல மழை பரவாயில்லை, ஊருணி நிறைஞ்சிருக்கு. மேல்மாடி ஓடு ஒழுகுறதை இன்னும் பார்க்கலை.

"ஊருக்கே வந்துடலாமான்னு இருக்கு ஆத்தா"ன்னு ஐப்பசியில ஒரு தடவை சொன்னே. அப்பச்சி உடனே தொட்டியை எப்படிக் கொண்டாறதுன்னு விசாரிச்சாங்க. முடியாதாம். 1972 வனவிலங்குச் சட்டத்துல புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில இந்தக் கல்லுப் பவளத்தையெல்லாம் 2001லேயே சேர்த்துட்டாங்களாம், வீட்டுல வளர்க்க விடமாட்டாங்களாம். வந்தா எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் வரணும். வராதேன்னு சொல்லலை, உன் வீடு இது. ஆனா எதையும் அரைகுறையா விட்டுட்டு வராதே.

இதுக்கு மேல சுத்தி வளைக்க என்னால முடியலை. ஒரு வருஷமா நெஞ்சுல கிடக்கிறதைச் சொல்லிடுறேன்.

நீங்க ரெண்டு பேரும் பினாங்குக்குப் போன அந்த நாலு நாள். அவ எனக்காக நாலு சின்ன டப்பாவுல அளவா இறால் எடுத்து வச்சு, வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறுன்னு தமிழ்ல எழுதி ஒட்டியிருந்தா. வியாழக்கிழமை ஒழுங்கா ஊட்டினேன், ஒரு மணி நேரம் ஆச்சு. முட்டி வலி ஒரு பக்கம். கல்லுக்குச் சோறூட்டவா கடல் தாண்டி வந்தேன்னு கோவம் ஒரு பக்கம். வெள்ளிக்கிழமை பம்பை நிறுத்திட்டு மிச்சம் மூணு டப்பாவையும் ஒரே தடவையில கொட்டிட்டுப் படுத்துட்டேன். பம்பைத் திரும்பப் போடவே இல்லை.

காலையில எந்திரிச்சுப் பார்த்தா அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி இருந்துச்சு, நாத்தம் வேற. ரெண்டு மீன் மிதந்துச்சு. பேப்பர்ல சுத்திக் குப்பையில போட்டேன். பம்பைப் போட்டேன். நாலு டப்பாவையும் கழுவிக் கவுத்தேன். உங்களுக்குப் போன் பண்ணலை.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீங்க வந்தப்போ உன் கோனியோபோரா பவளம் பழுப்புக் கூழா உருகிக்கிட்டு இருந்துச்சு. நீ அவளைத்தான் பிடிச்சே. "பெரியவங்ககிட்ட இவ்வளவு எடுத்துக் கொடுப்பாங்களா, அறிவிருக்கா"ன்னு கத்தினே. ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் ஊட்டுற நேரமே வரலை. அந்த டப்பாவும் கழுவிக் கவுந்திருக்கிறதை அவ பார்த்தா. என்னைப் பார்த்தா. "என் தப்புதான், அளவு தெரியாம வச்சிட்டேன்"னு சொன்னா. நான் சோபாவுல தேவாரப் புத்தகத்தை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வாயைத் திறக்கலை. அப்புறம் நாலு நாள் நீ அவகிட்டப் பேசலை, அப்பவும் திறக்கலை. நான் ஊருக்குக் கிளம்பின அன்னைக்கு என் சேலையெல்லாம் அவதான் மடிச்சு வச்சா. "முட்டிக்குத் தைலம் மேலேயே இருக்கு அத்தை"ன்னு சொன்னா.

உங்களுக்குள்ள என்னென்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. இந்த ஒண்ணு என்னோடது. நாளைக்குக் காலையில அவளுக்குப் போன் பண்ணப் போறேன். எடுக்கலைன்னா தேவகோட்டைக்குப் பஸ் ஏறி அவங்க வீட்டுக்கே போறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வர்றப்போ நான் சொல்லி முடிச்சிருப்பேன். அப்பச்சிக்கு இன்னும் தெரியாது, இன்னைக்கு ராத்திரி சொல்லிடுவேன்.

டின்னைப் பிரிச்சதும் சீடையை எடுத்து வேற டப்பாவுல போட்டுடு, நமுத்துடும். அன்னைக்கு ராத்திரியே கொஞ்சமா இறாலைக் கரைச்சு அந்த மஞ்சப்பூவுக்குச் சாறு காட்டு. எத்தனை வாய் திறக்குதுன்னு எண்ணி எனக்கு எழுது. ஊட்டி முடிச்சதும் மறக்காம பம்பைப் போடு.

ஆத்தா