‘அராஜகம்’ என்ற சொல்லும் யாழ்ப்பாணத்துக் கடைச் சிப்பந்திகளும்

ஆசிரியர் அவர்கட்கு,

எங்காவது ஒரு பணிப்பகிஷ்கரிப்பு நடந்தால், அடுத்த நாள் செய்தியிலோ தலையங்கத்திலோ ‘அராஜகம்’ என்ற சொல் வந்துவிடுவது நமது பத்திரிகைகளில் பழகிப்போன ஒன்று. கடைக் கண்ணாடியை உடைப்பதும் அராஜகம், சம்பள பாக்கியைக் கேட்டு வேலைக்குப் போகாமல் நிற்பதும் அராஜகம். இந்தப் பழக்கத்தைக் கைவிடுமாறு கேட்கவே இதை எழுதுகிறேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால், மேலிருந்து ஆளும் அதிகாரம் இல்லாமல் மக்கள் தாமே கூடி இயங்கலாம் என்ற, நூற்றைம்பது வருடத்துக்கும் மேற்பட்ட ஓர் அரசியற் சிந்தனை (அனார்க்கிசம்) உண்டு. குழப்பம் தவிர்க்க அதை அரசின்மைவாதம் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். மே தினம் நமக்குக் கிடைத்ததே அந்தச் சிந்தனைக்காரர்களால்தான்.

1886 மே 1 இல் எட்டு மணி நேர வேலை கேட்டு அமெரிக்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். மே 4 இல் சிக்காகோவின் ஹேமார்க்கெற் சதுக்கத்தில் நடந்த கூட்டத்தில் குண்டு ஒன்று எறியப்பட்டது. எறிந்தவர் யாரென்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் எட்டு அரசின்மைவாதிகள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். ஸ்பைஸ், பார்சன்ஸ், பிஷர், எங்கல் ஆகிய நால்வரும் 1887 நவம்பர் 11 இல் தூக்கிலிடப்பட்டார்கள். 1893 இல் இலினோய் மாநில ஆளுநர் அல்ற்கெல்ட், சிறையில் எஞ்சியிருந்த மூவரையும் விடுவித்து, விசாரணை நேர்மையற்றது என்று எழுதிவைத்தார். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு மே தினத்திலும் கட்சிகள் தனித்தனியே ஊர்வலம் போகின்றன. அந்த நால்வர் எந்த மணிக்கணக்குக்காக உயிரைக் கொடுத்தார்களோ, அதே மணிக்கணக்கு கஸ்தூரியார் வீதியிலும் பெரியகடையிலும் இன்னும் தீரவில்லை.

காலை 8.30 க்குத் திறந்து இரவு 8.30 க்குப் பூட்டும் ஒரு புடவைக்கடையை எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்தைக் கழித்தால் நாளுக்கு 11 மணி, கிழமைக்கு ஆறு நாள், ஆக 66 மணி. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சொல்வது கிழமைக்கு 45 மணி. அதோடு ஒன்றரை நாள் விடுமுறை. மேலதிக நேரம் 12 மணிக்கு மேற்படக்கூடாது. அதற்கு ஒன்றரை மடங்கு கூலி. எனவே இந்தக் கடையில் 21 மணி கூடுதலாக ஓடுகிறது, அதில் 9 மணி கூலி கொடுத்தாலும் சட்டவிரோதமானது. 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. அதை 240 ஆல் வகுத்துக் குறைத்துக் கணக்கிட்டாலும் மணிக்கு 125 ரூபா. ஒன்றரை மடங்கு 187.50. 21 மணிக்குக் கிழமைக்கு 3,937.50. நாலு கிழமைக்கு 15,750 ரூபா. முதலாளித்துவச் சுரண்டல் என்ற சொற்றொடர் மேடையில் கேட்க வெறும் முழக்கமாகப் படலாம். ஒரு சிப்பந்திக்கு அது மாதம் 15,750 ரூபா.

இரண்டாவது ஓட்டை ஊழியர் சேமலாப நிதியில். கையில் 45,000 கொடுத்து, பதிவில் 30,000 அடிப்படைச் சம்பளம், மீதி 15,000 ‘ஊக்குவிப்பு’ என்று பிரிப்பது பரவலான முறை. விற்பனை கூடினாலும் குறைந்தாலும் மாதாமாதம் மாறாமல் வரும் தொகை உண்மையில் சம்பளமே. அந்த 15,000 க்கு முதலாளி கட்டவேண்டிய 12 வீதம் 1,800 ரூபா, ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதம் 450. மாதம் 2,250, பத்து வருடத்தில் 270,000. வட்டி இதில் சேரவில்லை. பணிக்கொடை வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்பதால் அதிலும் 75,000 போகிறது. ஆகவே சம்பளத் துண்டில் கடைசித் தொகையை மட்டும் பார்க்கக்கூடாது, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்றும் பார்க்கவேண்டும். துண்டே தராத இடங்களில், கையொப்பமிடும் பதிவேட்டில் உள்ள தொகையைத் திகதியோடு அன்றன்றே கொப்பியில் எழுதிக்கொள்வது நல்லது.

‘சட்டம் இருக்கிறது, தொழில் திணைக்களம் இருக்கிறது, பிறகென்ன சங்கம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. முறைப்பாடு செய்தவர் யாரென்று ஏழெட்டுப் பேர் நிற்கும் கடையில் அடுத்த நாளே தெரிந்துவிடும். முதலாளி பெரும்பாலும் அதே ஊரவர் அல்லது சொந்தக்காரர். வேலை எடுத்துத் தந்த மாமாவுக்குக் கதை போகும். தனியாள் ஒருவரால் இந்த நெருக்குதலைத் தாங்க இயலாது. சங்கத்தின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

தொடங்குவதற்கு ஏழு பேர் போதும். 1935 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி, கூடிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், ஏழு உறுப்பினர் கையொப்பத்தோடும் யாப்பின், அதாவது சங்க விதிகளின், பிரதியோடும் தொழிற்சங்கப் பதிவாளருக்கு விண்ணப்பிக்கவேண்டும். உத்தியோகத்தர்களில் பாதிப்பேராவது அந்தத் தொழிலிலேயே இருப்பவர்களாக இருக்கவேண்டும். ஒரு கடையில் ஏழு பேர் இல்லையென்றால் நகரத்துக் கடைகள் முழுவதுக்கும் ஒரே சங்கம் அமைக்கலாம். என் அபிப்பிராயத்தில் யாழ்ப்பாணத்துக்கு அதுவே பொருத்தம். ஆனால் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கான 1999 இன் 56 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்கீழ் முதலாளி பேச மறுக்க முடியாத நிலை வருவதற்கு, யார் சார்பில் பேசுகிறோமோ அந்த ஊழியர்களில் 40 வீதம் பேர் சங்கத்தில் இருக்கவேண்டும். ஒன்பது பேர் கடையென்றால் நாலு பேர். அந்த நாலாவது ஆள் சேருமுன் சங்கத்தின் பெயரை வெளியே சொல்வதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. முதலிரண்டு பேரைக் கிளிநொச்சிக் கிளைக்கு மாற்றினால் கதை முடிந்துவிடும். தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காகப் பணிநீக்கம் செய்வது அதே திருத்தத்தின்கீழ் குற்றம் என்பது உண்மை. ஆனால் வழக்கு முடியும்வரை அடுப்பு எரியவேண்டுமே.

15 என்ற எண்ணையும் எல்லோரும் மனதில் வைத்திருக்கவேண்டும். ஒழுக்காற்றுக் காரணமல்லாத பணிநீக்கத்துக்கு ஊழியரின் எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ தேவை என்ற 1971 இன் 45 ஆம் இலக்கச் சட்டமும், 1983 இன் பணிக்கொடைச் சட்டமும் 15 பேர் உள்ள இடங்களுக்கே பொருந்தும். 20 பேர் நிற்கும் கடை இரண்டு பெயரில் பதிவாவதன் காரணம் இதுதான். பணிக்கொடைக்கோ, விலகுவதற்கு முந்திய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் 15 பேர் வேலை செய்திருந்தாற் போதும். தீபாவளிக்கு மேலதிகமாக எடுத்த ஆட்களின் பெயர்களைத் திகதியோடு குறித்துவைத்தவர் பின்னர் வருந்தமாட்டார்.

சங்கம் பதிவாகிவிட்டால் அடுத்த ஆபத்து உள்ளேயிருந்து வருகிறது. தலைவர் ஒருவரே பத்து, பதினைந்து வருடம் இருப்பார். ஒரு கட்சிக்காரர் ஆலோசகராக வருவார், அடுத்த தேர்தலில் சங்கத்தின் பெயர் அவருடைய சுவரொட்டியில் இருக்கும். கணக்கு ஒருவருடைய வீட்டு அலுமாரியில் இருக்கும். கணக்காய்வு செய்த ஆண்டறிக்கை பதிவாளருக்குப் போகாது, பதிவும் ரத்தாகும். அரசின்மைவாதிகள் நமக்குத் தரக்கூடியது இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதிகாரம் ஓரிடத்தில் தங்கினால் நல்லவரையும் கெடுக்கும் என்று நம்பிய அவர்கள் சங்கத்தையே அதற்கேற்ப அமைத்தார்கள். பதவி சுழலும், தெரிவு செய்தவர்கள் எப்போதும் திருப்பியழைக்கலாம், பேசப் போகிறவர் கூட்டம் சொன்னதைத்தான் பேசலாம். 1919 இல் பார்சிலோனாவின் மின்கம்பனிப் போராட்டம் 44 நாள் நின்றது. அதன் விளைவாக ஸ்பெயின் அரசு எட்டு மணி நேர வேலையை ஆணையாக்கியது. அதை நடத்திய தொழிலாளர் கூட்டமைப்பு இந்த முறைப்படி இயங்கியது. தமிழருக்கும் இந்த மரபு அந்நியமல்ல. பாரதியாரின் ‘இந்தியா’ பத்திரிகையோடு தொடர்புடைய எம்.பி.ரி. ஆச்சாரியா 1920 இல் தாஷ்கந்தில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பின்னர் அரசின்மைவாதியாகி 1954 இல் பம்பாயில் இறந்தார். அவரைப் பற்றி நமது பாடசாலைகளில் யாரும் சொல்லித்தருவதில்லை.

யாப்பில் இப்படி எழுதலாம்: எந்தப் பதவியும் இரண்டு வருடத்துக்கு மேல் ஒருவரிடம் இருக்காது. எல்லா உத்தியோகத்தரும் அதே தொழிலில் வேலை செய்பவர்கள். உறுப்பினரில் மூன்றிலொரு பங்கினர் எழுத்தில் கேட்டால் ஏழு நாளுக்குள் விசேட கூட்டம், அங்கேயே பதவிநீக்கம். முதலாளியின் அறைக்குள் தனியாக எவரும் போவதில்லை. குறைந்தது இருவர் போய், கையொப்பம் வைக்காமல் திரும்பிவந்து கூட்டத்தில் வாக்கெடுக்கவேண்டும். மாதச் சந்தா 100 ரூபா என்றால் 40 பேருக்கு 4,000. பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் வாங்கக்கூடாது, வங்கியில் இரண்டு கையொப்பம், மாதக் கடைசியில் வரவு செலவு எல்லோருடைய கைபேசிக்கும் போகவேண்டும். கணக்குப் பிடிக்கத் தெரியாது என்று பின்வாங்குபவர்கள் நமது பெண்கள் ஊரில் சீட்டுப் பிடிக்கும் விதத்தைப் பார்த்தாற் போதும். மரணவீட்டுக்கு உதவும் சங்கத்தையும் சனசமூக நிலையத்தையும் கட்டளைக்குக் காத்திராமல் நடத்திய ஊர் இது.

பேச்சு முறிந்தால் உடனே பகிஷ்கரிப்புக்குப் போவது சிறிய சங்கத்துக்கு நல்லதல்ல. முதலில் சட்டப்படி வேலை. 45 மணி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறுவது. கூலி வெட்ட முடியாது, குற்றமும் சாட்ட முடியாது; ஆனால் மாலை ஆறு மணிக்குப் பிறகு வரும் வியாபாரம் யார் கையில் நிற்கிறது என்பது அன்றே விளங்கும். ஒருவர் மட்டும் நின்றுவிட்டால் இது கெட்டுப்போகும் என்பதால், முதல் நாள் இரவே ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்டு உறுதி பெறவேண்டும்.

தங்கள் பத்திரிகையால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ‘வேலையாட்கள் தேவை, தங்குமிடம், உணவு இலவசம், சம்பளம் நேரில்’ என்ற விளம்பரங்கள் நாளாந்தம் வருகின்றன. முதலாளி கொடுக்கும் உணவின் பெறுமதியும் சேமலாப நிதிக்கான உழைப்பூதியத்தில் சேரும் என்பது 1958 இன் 15 ஆம் இலக்கச் சட்டம். கிழமைக்கு எத்தனை மணி வேலை, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சேமலாப நிதி உண்டா என்ற மூன்று விபரமும் இல்லாத வேலைவாய்ப்பு விளம்பரத்தை ஏற்பதில்லை என்று தீர்மானியுங்கள். மூன்று வரிக்கு மேற்பட்ட இடம் அதற்குத் தேவைப்படாது.

இப்படிக்கு,
தொழிற்சங்க ஊழியர் ஒருவர்,
கொக்குவில்.