கேரனை விட்டுவிட்டீர்களே

அன்புள்ள ஆசிரியருக்கு,

'குட்ஃபெல்லாஸ்' என்ற அமெரிக்கத் தாதா படம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இயக்குநர் ஸ்கோர்செஸி, நடிகர் டி நீரோ, ஆஸ்கர் வாங்கிய ஜோ பெஸ்கி, கென்னடி விமான நிலையக் கொள்ளை எல்லாம் இருந்தது. நாயகனின் மனைவி கேரன் பற்றி ஒரு வரிகூட இல்லை. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

நிஜக் கதையை வைத்து 1990-இல் வந்த அந்தப் படத்தில் கதை சொல்லும் குரல்கள் இரண்டு. ஒன்று தாதா கும்பலைச் சேர்ந்த நாயகன் ஹென்றி ஹில்லுடையது, இன்னொன்று அவன் மனைவி கேரனுடையது. தாதா படங்களில் மனைவி என்றால் கதவோரம் நின்று அழுவாள். இங்கே அவளே பேசுகிறாள்.

கட்டுரையாளர் வியந்த கோபகபானா இரவு விடுதிக் காட்சியையே பாருங்கள். ஏறக்குறைய மூன்று நிமிடம், வெட்டே கிடையாது. வாசலில் கூட்டம் வரிசையில் நிற்க, ஹென்றி அவளைப் பக்கத்துப் படிக்கட்டில் இறக்கி, சமையற்கட்டு வழியாகக் கூட்டிப்போகிறான். வழியெல்லாம் 20 டாலர் நோட்டுகள் கைமாறுகின்றன. இவர்களுக்காகவே ஒரு மேசையைத் தூக்கிவந்து மேடைக்கு முன்னால் போடுகிறார்கள். கேமரா வித்தையோடு நின்றுவிட்டால் இதில் பாதிதான் கிடைக்கும். உட்கார்ந்ததும் என்ன வேலை என்று கேட்கிறாள். கட்டட வேலை என்கிறான். அவன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்படித் தெரியவில்லையே என்கிறாள். அவளுக்கு அங்கேயே புரிய ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் அந்தத் துப்பாக்கி. கேரனிடம் தவறாக நடந்துகொண்டவனை ஹென்றி அதனால் அடித்துச் சாய்த்துவிட்டு, ரத்தக்கறையோடு அவள் கையில் கொடுக்கிறான். வேறொரு பெண்ணாக இருந்தால் ஓடியிருப்பாள், எனக்கோ அது பிடித்திருந்தது என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு கடைக்குப் போகப் பணம் கேட்கும்போது தொகைகூடச் சொல்வதில்லை. நோட்டுக்கட்டு எவ்வளவு தடிமன் வேண்டும் என்று விரலை விரித்துக் காட்டுகிறாள்.

முதல்முறை பார்த்தபோது எனக்கு அவள்மேல் இரக்கம்தான் வந்தது. அடுத்த முறை பார்த்தபோதுதான் கடைசியில் வரும் அரசு வழக்கறிஞரைக் கவனித்தேன். அவர் எட்வர்ட் மெக்டொனால்ட். நிஜ வழக்கை நடத்தியவரே படத்திலும் நடித்திருக்கிறார். நான் ஒன்றும் செய்யவில்லையே என்கிற கேரனிடம், போதைப்பொருள் பற்றி நீ டெலிபோனில் பேசியதைக் கேட்டிருக்கிறேன், அப்பாவி வேஷம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். இந்தப் படம் தாதாக்களைக் கொண்டாடுகிறது என்று கட்டுரை முடித்திருந்தது. கேரனைக் கவனித்திருந்தால் அப்படி எழுதத் தோன்றியிருக்காது.

கேரனாக வாழ்ந்த லொரைன் பிராக்கோவுக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அவருக்காக ஒரு பக்கம் ஒதுக்கி எழுதச் சொல்லுங்கள், ஆவலோடு காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருநெல்வேலி