ஹெரால்டுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

கும்பகோணம்,
தை மாதம்

அன்புடையீர்,

வணக்கம். சென்ற வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் மகாமகக் குளத்தைச் சுற்றி வந்து வீட்டு வாசலில் நின்றது. 22 ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த வண்டி. முன் இருக்கையில் அம்மா உட்கார்ந்திருந்தார். வழியில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "சத்தம் அதே சத்தம்" என்றார்.

அந்தச் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் நீங்கள். பலர் பணம் வாங்க மறுத்தீர்கள். சிலர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்களும் உண்டு. ஆகையால் ஊரையும் தொழிலையும் மட்டும் குறிப்பிடுகிறேன். படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வண்டியைப் பற்றி அறியாதவர்களுக்காக நான்கு வரி. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் இதன் மூலம். வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் இது தயாரானது. 948 சிசி எஞ்சின். பானெட்டைத் தூக்கினால் முன் மட்கார்டுகளும் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இங்கிலாந்தில் இதற்கு இரண்டு கதவுகள்தான். நான்கு கதவு வைத்துச் செய்தது இந்தியாவில் மட்டும். எங்கள் வண்டி அந்த நான்கு கதவு வகை. அப்பா அதில்தான் சுவாமிமலை, பாபநாசம், திருவிடைமருதூர் என்று நோயாளிகளைப் பார்க்கப் போய்வந்தார்.

அந்தப் பின் கதவுகள் இரண்டும் எங்களைப் படுத்தியது கொஞ்சமல்ல. முன்பாதிக்கு வேண்டிய உதிரிபாகங்களில் பல இன்றும் இங்கிலாந்தில் புதிதாகச் செய்யப்படுகின்றன, ஏனென்றால் ஸ்பிட்ஃபயர் என்ற அவர்களுடைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே முன்சக்கர அமைப்புதான். பின் கதவுக்கு அங்கே கேட்டால், அப்படி ஒரு கதவே கிடையாது என்பார்கள். செய்த தொழிற்சாலையும் மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே இருக்கிற இடத்தைத் தேடவேண்டும், இல்லையென்றால் செய்துகொள்ள வேண்டும்.

முதல் நன்றி, சென்னை புதுப்பேட்டையில் கடை வைத்திருக்கும் பாய்க்கு. கையில் பழைய சாமான் இல்லாமல் போன என்னை, "மாதிரி இல்லாமல் வராதீர்கள் அம்மா, வாயால் சொல்லி வாங்கினால் நீங்களும் ஏமாறுவீர்கள், நானும் ஏமாறுவேன்" என்று திருப்பி அனுப்பினார். மறுமுறை பையில் கண்ணாடி ஏற்றும் இயந்திரத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அவர் கடையில் அது இல்லை. ஆனால் இரண்டு மணி நேரம் தொலைபேசியில் யார் யாரையோ கேட்டு, பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் ஹெரால்டு கூடு ஒன்று கிடப்பதாகக் கண்டுபிடித்துச் சொன்னார். அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் என்னிடம் விற்றது ஒன்றுமே இல்லை.

தோப்புக்காரர் குடும்பத்துக்கும் நன்றி. அந்தக் கூட்டின் பின் இருக்கையில் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. பொரித்து முடியும்வரை கதவைக் கழற்ற வேண்டாம் என்று பாட்டி சொன்னார். மூன்று வாரம் கழித்துப் போனோம். இரண்டு பின் கண்ணாடிகளும் ஒரு கீலும் கண்ணாடி ஏற்றும் இயந்திரம் ஒன்றும் கிடைத்தன. விலை கேட்டதற்கு, இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள்.

நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைப் பெரியவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதியாக வேண்டும். பின் இடது கதவின் வெளிக் கைப்பிடி உடைந்துபோயிருந்தது. உடைந்த துண்டைக் கூட அம்மா ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தார், ஆனால் பாதிதான் இருந்தது. முன் கதவுகளில் எப்போதோ யாரோ வேறு வண்டியின் கைப்பிடியை மாட்டிவிட்டிருந்தார்கள். வலது பின் கைப்பிடி மட்டும் முழுசாக இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, இதே போல ஒன்று வார்த்துத் தாருங்கள் என்றேன். அவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வலது. இதே போல வார்த்தால் இன்னொரு வலதுதான் வரும்" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.

அவருடைய தம்பி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து, அதன்மேல் கைப்பிடியைச் சாய்த்து வைத்து, கண்ணாடியில் தெரிந்த உருவத்தைப் பார்த்தே மரத்தில் செதுக்கினார். நான்கு நாள் ஆனது. பிறகு இரண்டு பாதிப் பெட்டிகளில் சலித்த காவிரி வண்டல் மண்ணை ஈரப்பதத்தோடு இறுக்கி, மரக் கைப்பிடியை நடுவில் வைத்து அழுத்தி, பெட்டிகளைப் பிரித்து, மரத்தை மெல்லத் தட்டி எடுத்தார்கள். உள்ளே உதிர்ந்து கிடந்த இரண்டு மூன்று மணல்களைப் பெரியவர் வாயால் ஊதியே அப்புறப்படுத்தினார். மூசையில் பித்தளை உருகும்போது ஓரத்தில் பச்சைச் சுடர் எழுந்தது. துத்தநாகம் எரிகிறது, இனிமேல் தாமதிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார். மண்ணை உடைத்து எடுத்தபோது கைப்பிடி, சாம்பலில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு போலக் கறுத்துக் கிடந்தது. அரம் பட்ட இடத்தில் மட்டும் மஞ்சள் பளிச்சிட்டது.

அது கதவில் சேரவில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் குறைந்தது. பித்தளை ஆறும்போது சுருங்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல, திருகாணித் துளைகள் கதவின் துளைகளோடு மிகச் சரியாகப் பொருந்த வேண்டும் என்று நான்தான் சொல்லாமல் விட்டிருந்தேன். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல், மர மாதிரியின்மேல் மெழுகைப் பூசிப் பூசிப் பெரிதாக்கி மறுபடி வார்த்தார். இரண்டாவது கைப்பிடி அட்சரம் பிசகாமல் உட்கார்ந்தது. குத்துவிளக்கின் தண்டையும் பாதத்தையும் மரை போட்டுப் பொருத்திப் பழகிய கைகள் அவை. கார்க்காரர்கள் யாரும் இத்தனை நாளாக அந்தப் பட்டறையின் படியேறவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

செய்து கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்வது எளிது. செய்ய மாட்டேன் என்று சொன்ன இருவருக்கு அதைவிடப் பெரிய கடன் பட்டிருக்கிறேன்.

ஒருவர் திருச்சி லேத் மாஸ்டர். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டிக்குள் திருகி நிற்கும். ட்ரன்னியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. இடது பக்கத்து மரையும் வலது பக்கத்து மரையும் ஒன்றுக்கொன்று எதிர். எங்களுடையது தேய்ந்து ஆடியது. மாதிரியைக் கொண்டுபோனேன். அவர் கடைந்து தருகிற வேலைக்கு அது ஒன்றும் பெரிதல்ல. ஆனால் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"அம்மா, அளவில் அச்சு அசலாகச் செய்துவிடுவேன். ஆனால் என்னிடம் இருக்கும் வெண்கலத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது. இது முறிந்தால் சக்கரம் வண்டிக்கு அடியில் மடிந்துவிடும். வேறு எதுவானாலும் கேளுங்கள், இதை என்னிடம் கேட்காதீர்கள்" என்றார்.

அன்று எனக்குக் கோபம் வந்தது. ஐயா, அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தண்டையும் சேர்த்துப் புதிதாகவே வாங்குங்கள் என்று நீங்கள் சொன்னபடிதான் செய்தேன். இங்கிலாந்தில் கவென்ட்ரியில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் பொங்கலுக்கு வரும்போது தன் உடைகளைக் குறைத்துக்கொண்டு பெட்டியில் அதைச் சுமந்து வந்தான். ஸ்டாண்டர்டு கம்பெனி பிறந்த ஊரே கவென்ட்ரிதான் என்று நான் சொன்ன பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. பழைய தண்டைக் கழற்றிப் பார்த்தபோது மரையின் பள்ளத்தில் மயிரிழை போல ஒரு கீறல் ஓடியிருந்தது. மாஸ்டர் கட்டியை மட்டும் கடைந்து கொடுத்திருந்தால் அந்தத் தண்டோடுதான் அம்மாவை உட்கார வைத்து ஓட்டியிருப்பேன்.

அப்பாவின் குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கிறது: "முன்சக்கரம் இரண்டுக்கும் 90 நம்பர் எண்ணெய். கிரீஸ் கூடாது." கெட்டியான கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது, தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். கொட்டகைக்குப் போவதற்கு முந்தைய ஆண்டுகளில் யாரோ கிரீஸ் அடித்திருக்கிறார்கள். கீறலுக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

மற்றவர் அம்பத்தூரில் ரப்பர் அச்சு வைத்திருக்கும் தம்பி. பின் கதவின் கண்ணாடி ரப்பரை எங்கள் பழைய துண்டை வெட்டிப் பார்த்து அதே குறுக்குவெட்டில் புதிய அச்சுச் செய்து, பதினெட்டு அடி இழுத்துக் கொடுத்தார். இணைப்புகளில் அதிர்வு தாங்க வைக்கும் ரப்பர் புஷ்களும் அவர் கைவேலைதான். பிரேக் வாஷர் மட்டும் கேட்டபோது மறுத்துவிட்டார். அதற்கு முன் வேறோர் இடத்தில் நான் வாங்கிப் போட்ட வாஷர்கள் இரண்டே வாரத்தில் ஊதிப் பெருத்து, மிதித்த பிரேக் திரும்பாமல் சக்கரத்தைக் கவ்விக்கொண்டன. காரணம் சொன்னவர் இந்தத் தம்பிதான். "அக்கா, பிரேக் ஆயில் என்று பெயர்தான், அது எண்ணெய் இல்லை. எண்ணெயைத் தாங்குகிற நைட்ரில் ரப்பர் அதில் ஊறினால் பெருத்துவிடும். எண்ணெய் பட்டாலே கெட்டுப்போகிற வேறு ரப்பர்தான் அதற்குச் சரி. அதைச் சோதித்துப் பார்க்கும் வசதி என்னிடம் இல்லை" என்றார். அவர் யோசனைப்படி, கடையில் கிடைக்கிற தரமான வாஷரின் அளவுக்குச் சிலிண்டரையே மாற்றினோம். குழி விழுந்த உட்சுவரைக் கடைந்து, துருப்பிடிக்காத எஃகில் ஸ்லீவ் என்ற உள்ளுறையை இறக்கியவர் அதே திருச்சி மாஸ்டர். இதற்கு மட்டும் அவர் மறுக்கவில்லை.

போல்ட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. இந்த வண்டியில் எல்லாம் அங்குலக் கணக்கு. 5/16 அங்குல போல்ட்டும் இன்றைய 8 மில்லிமீட்டர் போல்ட்டும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும், இரண்டு சுற்று உள்ளேயும் போகும். ஆனால் பழையதில் அங்குலத்துக்கு 24 மரை. புதியதன் மரை அகலம். பலவந்தமாக முறுக்கினால் துளை பாழாகிவிடும். எங்கள் வண்டியிலும் அப்படி ஐந்தாறு துளைகள் பாழாகியிருந்தன. தஞ்சாவூரில் காலமான மெக்கானிக் ஒருவரின் துணைவியார் இதைக் கேள்விப்பட்டு, கணவர் சேர்த்து வைத்திருந்த நான்கு டப்பா அங்குல போல்ட்டுகளைத் தம் பேரனிடம் கொடுத்தனுப்பினார். ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் அவர் கணவர் சாக்குக்கட்டியால் அளவு எழுதியிருந்தார். அந்த எழுத்து அழியாமல் இருக்க மேலே கண்ணாடித் தாள் ஒட்டியிருக்கிறேன். பானெட்டின் கீல் முதல் ரேடியேட்டர் வரை உங்கள் வீட்டு போல்ட்டுகள்தான் தாங்குகின்றன, அம்மா.

கேஸ்கெட் தாளை வார்ப்பின்மேல் விரித்து, சிறு சுத்தியலால் ஓரத்தைத் தட்டித் தட்டியே வெட்டி எடுத்த பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன், கமான் பட்டைக்குப் பதமேற்றிய கொல்லர், ரேடியேட்டருக்குப் புதிய கோர் வைத்தவர், இருக்கைக்குப் பழைய மாதிரியே தேங்காய் நார் அடைத்துத் தைத்த தையற்காரர், மூன்று ஆண்டுகள் எண்ணெய்க் கறையைப் பொறுத்துக்கொண்ட என் வீட்டார் எல்லோருக்கும் என் வணக்கம்.

கைப்பிடிக்கு முலாம் பூசவேண்டும் என்றுதான் இருந்தேன். நாச்சியார்கோவில் பெரியவர், "கொஞ்ச நாள் பித்தளையாகவே இருக்கட்டுமே" என்றார். இருக்கிறது. வெள்ளிதோறும் அம்மா விளக்குத் துலக்கும்போது அதையும் புளி போட்டுத் துலக்கிவிடுகிறார்.

நான்கு கதவு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. இடது கைப்பிடியின் மர மாதிரி நாச்சியார்கோவில் பட்டறையிலேயே இருக்கிறது, யார் கேட்டாலும் வார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடி ரப்பரின் அச்சு அம்பத்தூரில் இருக்கிறது. உங்களில் கை கொடுத்தவர்கள் எப்போது கும்பகோணம் வந்தாலும் வீட்டுக்கு வாருங்கள். முன் இருக்கை அம்மாவுக்கு, பின் இருக்கை உங்களுக்கு.

நன்றியுடன்,
டாக்டர் வீட்டு மூத்த மகள்